மரத்துக்கு ஒரு பல்லி

விமான நிலையத்தில் என் பையைத் திறந்த அதிகாரி, நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மகளுக்கு ஒன்பதாம் மாதம் என்று, காரைக்கால் பள்ளிக்கூடத்தில் படித்து மறந்ததுபோக மிச்சமிருந்த பிரெஞ்சில் சொன்னேன். வாழ்த்துகள் என்றார். கருவாட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். அதற்குப் பதிலாக ஒரு துண்டுத்தாளை என் கையில் கொடுத்தார். அதில் ஒரு கொசு. கால்களில் வெள்ளை வளையம் போட்ட, உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கிய கொசு. பிரெஞ்சுக்காரர்களின் ரீயூனியன் தீவு எனக்கு முதலில் கொடுத்தது அதைத்தான்.

2006 தை மாதக் கடைசி. எங்கள் வரிச்சிக்குடியில் சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அறுப்பாள் கிடைக்காமல் என் கணவர் வரப்பிலேயே கிடந்தார். அதனால் நான் தனியாகக் கிளம்பியிருந்தேன். கயல்விழி எங்களுக்கு ஒரே மகள். மாப்பிள்ளை அருளின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வழியில் வந்த குடியுரிமை மாப்பிள்ளையை லைன்மேன் வேலையில் இந்தத் தீவின் மின்கம்பங்கள் வரைக்கும் ஏற்றிவிட்டிருந்தது. கயல் இங்கே பல்லி எண்ணிக்கொண்டிருந்தாள். ஊரில் யாராவது பெண் என்ன செய்கிறது என்று கேட்டால் ‘ஆராய்ச்சி’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

தீவு முழுக்கக் காய்ச்சல் என்று அவள்தான் ஃபோனில் சொன்னாள். சிக்குன்குனியா. அந்தச் சொல்லை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. பேறுகாலத்தை ஒட்டித் தாய்க்கு வந்தால் பிள்ளைக்கும் போகும், போனால் மூளை வரைக்கும் போகலாம் என்று டாக்டர் சொன்னாராம். “அதனால நீ வராதம்மா” என்றாள். அப்படிச் சொன்ன பிறகு எந்த அம்மா ஊரில் இருப்பாள்? அம்பகரத்தூர் காளியம்மனிடம் போய் நின்றேன். என்ன வேண்டுவது என்றே வாய்க்கு வரவில்லை. கொசுவிடமிருந்து காப்பாற்று என்று அம்மனிடம் கேட்பதற்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு சின்ன எதிரியை அவள் பார்த்திருப்பாளா?

“வாங்க அத்தை, பிரயாணமெல்லாம் சவுரியமா?” என்றபடி அருள் பையை வாங்கிக்கொண்டார். கண்ணில் தூக்கமில்லை.

தெற்குக் கரைக்குப் போகும் வழியில் ஒரு ஆறு சாலையின் மேலேயே ஓடியது. பாலம் இல்லை, ஆற்றுப் படுகையில் சிமெண்டு போட்டு அதையே சாலை என்று வைத்திருந்தார்கள். மலையில் மழை. தண்ணீர் பழுப்பாக, கல்லை உருட்டிக்கொண்டு வந்தது. முன்னே இருபது வண்டி, பின்னே இருபது வண்டி. எல்லாவற்றிலும் கண்ணாடி ஏற்றியிருந்தது, அந்த வெக்கையிலும். அரசலாற்றில் வெள்ளம் வந்தால் எங்கள் ஜனங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இங்கே யாரும் இறங்கவில்லை. பக்கத்து வண்டிக்காரி கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி, எங்களுக்கு நாலு சமோசா நீட்டிவிட்டு, சடாரென்று மூடிக்கொண்டாள்.

ஒரே ஒருவன் இறங்கினான். முப்பது வயதுதான் இருக்கும். இடுப்பை மடித்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, எண்பது வயதுக்காரன் போல நாலு எட்டு வைத்துச் சாலையோரம் ஒதுங்கினான். திரும்பி வருவதற்குள் அவன் முகம் வியர்த்துவிட்டது.

“அதுதான் அத்தை அந்தக் காய்ச்சல்” என்றார் அருள். “வந்துபோயி ஒரு மாசம் இருக்கும். இன்னும் இப்படித்தான் நடப்பாங்க.”

கையிலிருந்த சமோசாவை என்னால் தின்ன முடியவில்லை.

அவர்கள் வீடு மனாபனி என்கிற சின்னக் குடாவின் மேட்டில் இருந்தது. தகரக் கூரை. பின்பக்கம் எட்டுப் படி இறங்கினால் ஒரு கொல்லை. கொல்லைக்கு அப்பால் சரிவு. சரிவின் அடியில் கறுப்புப் பாறைமேல் கடல் அடித்துக்கொண்டிருந்தது. கடல் எங்கள் கரையோரத் தெருக்களுக்குள் வந்துபோய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. காரைக்கால் கடற்கரைப் பக்கமே அதன் பிறகு நான் போகவில்லை. இங்கே மகள் கடலின் தலைமேல் குடியிருந்தாள்.

“ஏம்மா, சொன்னாக் கேக்கவே மாட்டியா நீ?” என்றாள் கயல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றபடி. கால் இரண்டும் வீங்கியிருந்தன. கட்டிக்கொள்ள வந்தவளை நிறுத்தி, முழங்கை, கழுத்து, கணுக்கால் என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். தடிப்பு ஏதும் இல்லை. அதற்குப் பிறகுதான் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவள் வேலையைப் பார்த்தேன். கொல்லையையும் சரிவையும் சேர்த்துப் பன்னிரண்டு தாழை மரங்கள். எங்கள் வாய்க்கால் கரைத் தாழை புதராகப் படுத்துக் கிடக்கும். இது நிமிர்ந்த தாழை. ஏழெட்டுக் கால் ஊன்றி நிற்கும் குடை. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு எண். கயல் பின் வராந்தாவில் நாற்காலி போட்டு, தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து, வயிற்றின் மேலேயே நோட்டைச் சாய்த்து எழுதினாள்.

முதலில் எனக்கு இலைகள்தான் தெரிந்தன. பிறகு ஒரு இலை நகர்ந்தது. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை, முதுகில் குங்குமத்தைத் தெறித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள். பட்டப்பகலில் திரிகிற பல்லி. எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பல்லி ஒரு சொல் சொல்லும். கிழக்கா தெற்கா என்று பார்த்து நாம் பலன் தெரிந்துகொள்வோம். இது வாயே திறக்கவில்லை. என்ன நடக்கப்போகிறது என்று சொல்லாத பல்லியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

“இவன் மூணாம் மரத்துக்காரன்” என்றாள் கயல். “இந்த மரம் அவனுது. இதுல மூணு பொட்டை இருக்கு. வேற ஆம்பள வந்தா மொதல்ல வால ஆட்டுவான். அப்பறம் தலைய ஆட்டுவான். அதுக்கும் போவலன்னா கடிதான்.”

“நம்மூரு வரப்புச் சண்டை மாதிரி?”

“அதேதான். ஆனா இவனுங்க கோர்ட்டுக்குப் போவ மாட்டானுங்க.”

“மரம் கெடைக்காத ஆம்பளைங்க என்னடி பண்ணும்?”

“ஓரத்துல, புல்லுல, மதில் இடுக்குல சுத்திக்கிட்டுக் கெடப்பானுங்க. எவனாவது சாவட்டும்னு.”

“சாவலன்னா?”

“அப்படியே கெடந்து போயிடுவானுங்க. வேற எங்கம்மா போறது? இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் கரும்பு. ஒலகத்துலயே இந்தப் பல்லி இந்தக் கரையோரம் மட்டுந்தான். இதுக்கு மேல ஒரு மரம் கூடுனா ஒரு குடும்பம் கூடும். ஒரு மரம் போனா ஒரு குடும்பம் போவும்.”

இரண்டு வருஷமாக எழுதிய நோட்டுகளைக் காட்டினாள். முதுகுப் புள்ளிகளைப் படம் வரைந்து, ஒவ்வொன்றையும் ஆளாக அடையாளம் வைத்திருந்தாள். எது எந்த மரத்தில் பிறந்தது, எது எதைத் துரத்தியது, எது காணாமல் போனது. கிராமக் கணக்குப்பிள்ளைகூட இப்படி எழுதியிருக்க மாட்டார்.

வேலியோரச் செம்பருத்தியில் ஒரு ஓணான் உட்கார்ந்து, கழுத்தைச் சிவப்பாக்கிக்கொண்டு, தண்டால் எடுத்தது. “அட, நம்ம ஓணான்!” என்று எழுந்தே விட்டேன். அயலூரில் சொந்தக்காரரைக் கண்ட சந்தோஷம்.

“கத்தாதம்மா. அது வந்தேறி. விதைக்கரும்புக் கரணையோட கப்பல்ல வந்து எறங்குனதுன்னு சொல்வாங்க. இந்தப் பச்சைக் குட்டிங்க கெடச்சா முழுங்கிடும்.”

வேலிக்கு அப்பாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பக்கத்து வீட்டு மதாம் மூத்தூசாமி. முத்துசாமிதான், ஆனால் அவர் வாயில் அது அப்படித்தான் நீண்டது. அறுபது வயது, நெற்றியில் பொட்டு, கழுத்தில் சிலுவை. தமிழ் ஒரு சொல் தெரியாது. கயல் தான் சொன்னதை அவருக்கு மொழிபெயர்த்ததும், தீவுக்காரர்கள் பேசும் கிரியோல் பிரெஞ்சில் சொன்னார்: “என் கொள்ளுப்பாட்டனும் உங்கள் ஊர்ப் பக்கமிருந்து கரும்புக்காகத்தான் கப்பலில் வந்தார். அவர் யாரையும் விழுங்கவில்லை. தோட்டத்து முதலாளிதான் அவரை விழுங்கினார்.”

அன்று மத்தியானம் வேலியின் மேலாக ஒரு கிண்ணம் வந்தது. உப்பு மீனை உதிர்த்துத் தக்காளி, மிளகாயோடு வதக்கியது. குப்பையில் போன என் கருவாட்டை நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். கூடவே ஒரு கீரை. ‘ப்ரெட் மூரூம்’ என்றார். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது, முருங்கைக்கீரை.

அந்தச் சாயங்காலம் குழாய் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. கால் மணி நேரத்தில் திரும்ப வந்துவிட்டது. ஆனால் என் நெஞ்சு நின்ற இடத்திலேயே நின்றது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் தண்ணீர் இல்லையென்றால்? வரிச்சிக்குடியில் குழாய்த் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணிக்குள் வீட்டில் ஒரு சொம்புகூடக் காலியாக இருக்கக் கூடாது. முப்பது வருஷப் பழக்கம், மூளையைக் கேட்காமல் கையே செய்யும். பின்படிக்குக் கீழே ஒரு நீல ட்ரம், அருளின் பழைய பெயிண்ட் வாளிகள் நாலு. கழுவி, குழாயிலிருந்து ட்யூபைப் போட்டு, எல்லாவற்றையும் விளிம்புவரை நிரப்பினேன். மேலே வேட்டித் துணியால் மூடினேன். கயலால் அந்த எட்டுப் படி இறங்க முடியாது. அருள் விடியும் முன்பு முன்வாசல் வழியே போய், விளக்கு வைத்த பிறகு வருவார். நிரப்பி முடித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த நாட்கள் எல்லாம் ஒரே நாள். காலையில் கொசுவர்த்தி, மத்தியானம் கொசுவர்த்தி. அந்தக் கொசு பகலில் கடிக்கிற சாதி. வேப்பெண்ணெயைக் கயலின் காலில் தேய்ப்பேன். “வாசனை தாங்கலம்மா, பல்லிகூட ஓடிடும்” என்பாள். ஜன்னலைச் சாத்துவேன். “பல்லியப் பாக்கணும்மா” என்று திறப்பாள். சாயங்காலம் விளக்கடியில் அவளை உட்காரவைத்து உடம்பில் தடிப்பு தேடுவேன். தினமும் மதாமின் வேலியருகே ஒரு செய்தி காத்திருக்கும்: கோயில் பூசாரிக்குக் காய்ச்சல், ரொட்டிக்கடைக்காரருக்குக் காய்ச்சல், இரண்டு தெரு தள்ளி ஒரு பச்சைக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மதாமுக்கே கார்த்திகை மாதத்தில் வந்துபோயிருந்தது. பாட்டில் மூடியைத் திறக்க இன்னும் பல்லைத்தான் பயன்படுத்தினார்.

எட்டாம் நாள் கயலை அருள் டாக்டரிடம் கூட்டிப்போனார். வீட்டில் நான் மட்டும். மழை விட்டிருந்தது. நாலாம் மரத்தருகே போனேன். அந்த மரத்துக்காரன் இலை தண்டோடு சேரும் இடத்தில் தலையைக் கவிழ்த்து எதையோ நக்கிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டு பின்பக்கம் நழுவினான். அவன் நக்கிய இடத்தில் விரலை விட்டேன். தண்ணீர். ஒவ்வொரு மடல் இடுக்கிலும் சருகு ஊறிக் கறுத்த மழைத்தண்ணீர் ஒரு கரண்டி நின்றது. பன்னிரண்டு மரம், மரத்துக்கு நூறு மடல். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே காதோரம் ஒரு ரீங்காரம் போயிற்று. என் மகள் நாற்காலி போட்டு உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே.

தெருவில் மருந்தடிக்கிறவர்களின் வண்டிச் சத்தம் கேட்டது. ஓடினேன்.

முதுகில் தொட்டி மாட்டியிருந்த ஆள் வேலியைக் காட்டினான். அங்கே கயல் எழுதிவைத்த பலகை இருந்தது: பச்சைப் பல்லிப் படம், ‘இங்கே தெளிக்க வேண்டாம்.’ “யார் மரங்கள் இவை?” என்று கேட்டான்.

“என்னுடையவை” என்றேன். “வீடு என்னுடையது. அந்தப் பலகை பழையது.”

என் பிரெஞ்சில் அத்தனை வருஷத்தில் பிழையில்லாமல் வந்த வாக்கியங்கள் அவைதான்.

வெள்ளைப் புகை மரத்துக்குள் ஏறியது. அவன் போன பிறகு வெகு நேரம் ஒன்றும் ஆகவில்லை. நல்லது செய்துவிட்டேன் என்று நினைத்து உலை வைக்கப் போனேன். திரும்பி வந்தபோது நாலாம் மரத்தடியில் ஒன்று மல்லாந்து கிடந்தது. வால் நுனி மட்டும் ஆடியது, யாரையோ விரட்டுகிற மாதிரி. பிறகு ஆறாம் மரம். ஐந்து பொறுக்கினேன். ரொட்டி சுற்றி வந்த தாளில் மடித்து அடுப்புக்குப் பின்னால் வைத்தேன். ஏன் வைத்தேன், ஏன் எறியவில்லை என்று இன்றுவரை தெரியாது.

டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்ன சந்தோஷத்தில் கயல் வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். தொலைநோக்கியை எடுத்தாள். “நாலாம் மரத்துக்காரனக் காணுமே” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஆறும் இல்ல.” காற்றை மோந்து பார்த்தாள். “அம்மா, யாரு வந்தா இங்க?”

சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன்.

“எத்தன?” என்றாள்.

“அஞ்சு.”

“எங்க வச்சிருக்க? கொண்டா.”

தாளை விரித்தேன். பச்சை அதற்குள் கறுத்திருந்தது. விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் புள்ளிகளைப் படித்தாள். “இது நாலு. இது ஆறு. இது ரெண்டும் போன வருஷத்துக் குட்டி. இது ஆறோட பொட்டை...” அதை மல்லாக்கப் போட்டாள். வயிற்றுத் தோல் கண்ணாடி மாதிரி இருந்தது. உள்ளே இரண்டு வெள்ளை முட்டை தெரிந்தது. கயலின் மறு கை அவள் வயிற்றின் மேல் போய் நின்றது.

“ஒனக்காகத்தாண்டி செஞ்சேன்.”

“தெரியும்மா. அதான் திட்ட முடியல.”

“ஒனக்குப் பயமே இல்லையாடி?”

“எனக்கா?” என்று என்னைப் பார்த்தாள். “தூக்கமே இல்லம்மா எனக்கு. கண்ண மூடுனா அந்தக் கொசுப் படந்தான். இதுங்கள எண்ணுற நேரம் மட்டுந்தான் பயமில்லாம இருந்துச்சு. அதையும்...” பென்சிலைத் தேடி எடுத்து, நோட்டில் ஐந்து வரி எழுதினாள். காரணம் என்ற இடத்தில் ‘மருந்து’ என்று மட்டும் எழுதினாள்.

மூன்று நாள் கழித்துச் சுகாதாரப் பணிப்பெண் ஒருத்தி வந்தாள், வீடு வீடாகப் பார்க்கிறவள். கையில் நீளக் காம்புள்ள கரண்டி, ஒரு வெள்ளைக் கிண்ணம். நான் முந்திக்கொண்டு மரங்களைக் காட்டினேன். ஏணி போட்டு மடல்களில் கரண்டியை விட்டு, நாலு மரம் பார்த்தாள். கிண்ணத்தில் சருகுத் தூள்தான் இருந்தது. உதட்டைப் பிதுக்கினாள். பிறகு பின்படியின் கீழே குனிந்தாள். துணியைத் தூக்கினாள். “மதாம்” என்று கூப்பிட்டாள், சாதாரணக் குரலில்.

கிண்ணத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். என் நல்ல தண்ணீர். அதில் கொசுப்புழுக்கள், கமாக்கள் போலத் துள்ளின. ஒரு கரண்டியில் எண்ண முடியாத கமாக்கள்.

எங்கள் ஊரில் கொசு என்றால் சாக்கடை. அந்தத் துண்டுத்தாளில் ‘தேங்கிய நீர்’ என்று படித்தபோது எனக்குக் கண்ணில் வந்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓடும் கறுப்புத் தண்ணீர்தான். குடிக்கப் பிடித்துவைத்த தண்ணீரைத் தேங்கிய தண்ணீர் என்று யார் சொல்வார்கள்? அதே வருஷம் அந்தக் காய்ச்சல் காரைக்காலுக்கும் வந்தது. வீடு வீடாக அண்டாவைக் கவிழ்க்கச் சொல்லி ஆள் வந்தபோது தெருவே சண்டைக்குப் போனது. நான் ஒன்றும் பேசாமல் கவிழ்த்தேன்.

“யார் நிரப்பியது?” என்று கேட்டாள் பணிப்பெண். கயல் மேல்படியில் நின்றிருந்தாள். அவள் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை.

“நான்” என்றேன்.

ட்ரம்மை இருவருமாகச் சாய்த்தோம். தண்ணீர் மரக்கால்களுக்கிடையே ஓடிச் சரிவில் விழுந்தது. பத்து நாளில் அதிலிருந்து எத்தனை பறந்து போயிருக்கும்? எத்தனை அந்த எட்டுப் படி ஏறியிருக்கும்?

மறுநாள் காலை சொம்பை எடுக்கப் போனேன், மணிக்கட்டு எடுக்கவில்லை. கணுக்காலில் யாரோ ஆணி வைத்து அறைந்த மாதிரி இருந்தது. உடம்பு கொதித்தது. கயல் தன் அறையிலிருந்து, “என்னம்மா சத்தம்?” என்று எழுந்து வருவது கேட்டது.

“உள்ளயே இரு! வெளிய வராத!” என்று கத்தினேன். அவள் நின்றுவிட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு கேட்டது.

என்னைக் கடிக்கிற கொசு அவளைக் கடித்தால் போதும். பிரசவம் பார்க்க வந்தவள்தான் இப்போது அந்த வீட்டில் இருக்கக் கூடாதவள். ஆஸ்பத்திரியில் இடமில்லை. மதாம் வேலியைச் சுற்றி வந்து, என் இடுப்பில் கைகொடுத்து, தன் வீட்டுக்கு நடத்திப்போனார். “எனக்கு வந்து போய்விட்டது, இனி என்னை ஒன்றும் செய்யாது” என்றார். “நாம் இரண்டு பேரும் இனி ஒரே நடை.” உண்மைதான். இரண்டு கூனிகள், இருபது எட்டு, கால் மணி நேரம்.

ஜன்னலோரக் கட்டிலில் என்னைப் போட்டு வலை கட்டினார்கள். ஒரு வாரம் வலையை விட்டு வரக் கூடாது என்று டாக்டர் ஃபோனில் சொல்லிவிட்டார். வலியைவிட எண்ணம்தான் தின்றது. கயலுக்கு அந்தக் கடி ஏற்கெனவே விழுந்திருந்தால்? இன்னும் ஒரு வாரம் போனால்தான் தெரியும். பிரசவத்துக்கு நாள் இருந்தது இரண்டு வாரம். காய்ச்சல் முந்துமா, பிள்ளை முந்துமா? வலைக்குள் படுத்துக்கொண்டு நாளை முன்னும் பின்னும் தள்ளிப் பார்ப்பேன்.

அருள் தங்கள் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் வலையடித்து, மேலே துணியும் போட்டுவிட்டார். கயலுக்கு மரம் தெரியாது. எனக்குத் தெரிந்தது, நாலிலிருந்து ஒன்பதுவரை. மூன்றாம் நாள் காலை வெயில் ஏறியதும் என்னையறியாமல் கத்தினேன்: “அஞ்சுல ஒண்ணு! நாலு காலி! ஆறு காலி!”

அந்த வீட்டு ஜன்னல் துணிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: “அஞ்சுல ஆம்பளயா பொட்டையா? ஒழுங்காப் பாத்துச் சொல்லும்மா!”

“வலைக்குள்ளேருந்து எப்படிடி பாக்குறது?”

“வால் அடி தடிச்சிருக்கா பாரு!”

மதாம் காப்பியோடு வந்து, “லாட்டரி எண்ணா சொல்கிறீர்கள்?” என்றார்.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். “ஒடம்பு சுடுதாடி?” என்று நான் கேட்பேன். “இல்ல. ஏழுல எத்தன?” என்று அவள் கேட்பாள். அவள் கேள்விக்கு நான் சொல்லும் பதில் அவளுக்கு. அவள் குரலில் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது எனக்கு.

ஐந்தாம் நாள், யாருமில்லாத நாலாம் மரத்தின் அடியில் ஒரு பல்லி. சின்னது, நிறம் மங்கல், வால் பாதி இல்லை. ஊன்றிய காலில் ஒரு முழம் ஏறும், இறங்கும், புல்லுக்குள் ஓடும், மறுபடி ஏறும். வெகு நேரம் கழித்து முதல் மடல்வரை போய், பாதி வாலை ஆட்டியது. எதிரில் யாருமில்லை. இருந்தாலும் ஆட்டியது. யாருடைய சாவுக்காகவோ புல்லில் காத்துக் கிடந்த ஒன்று. அந்தச் சாவைக் கொடுத்தவள் வலைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நாலுல ஒண்ணு!” என்று கத்தினேன். “புதுசு! பாதி வால்!”

மறுபடி கத்தினேன். அருள் வெளியே ஓடி வந்தார். “அத்தை, அவளுக்கு வலி எடுத்துடுச்சு!”

“சுடுதா? ஒடம்பு சுடுதா?”

“இல்ல அத்தை, பிள்ளை வலி!”

எழுந்தேன், முழங்கால் மடங்கி வலையோடு விழுந்தேன். மதாம் என்னைப் பிடித்து அமுக்கினார். கயலை உச்சி முதல் கால்வரை வெள்ளைத் துணியால் போர்த்தி அருள் நடத்திக்கொண்டு போவதை ஜன்னல் வழியே பார்த்தேன். வண்டிக் கதவு சாத்தும் சத்தம். கடல் தாண்டி வந்தேன்; இருபது எட்டு தாண்ட முடியவில்லை. அம்பகரத்தூர்க்காரியைக் கூப்பிட்டேன். இந்த முறை வெட்கப்படவில்லை.

சாயங்காலம் ஃபோன். பெண். இரண்டே முக்கால் கிலோ. தாய்க்குச் சுடவில்லை, பிள்ளைக்கும் சுடவில்லை. ஆனாலும் ஒரு வாரம் வைத்துப் பார்ப்போம் என்றார்களாம். அந்த வாரத்தில் என் காய்ச்சல் விட்டது; மூட்டுகளை விடவில்லை. ஒவ்வொரு நாளும் ஃபோன் அடிக்கும்போது எடுக்கப் பயந்து மதாமை எடுக்கச் சொன்னேன். எடுத்துக் கேட்டுவிட்டு அவர் முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பி, தலையை இடமும் வலமும் ஆட்டுவார். காய்ச்சல் இல்லை.

எட்டாம் நாள் அவர்கள் வந்தார்கள். டாக்டர் என்னையும் போகலாம் என்று சொல்லிவிட்டார். கயல் வலையடித்த கூடத்தில் நாற்காலியில் இருந்தாள், மடியில் துணி மூட்டை. “வாம்மா” என்றாள். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினேன். துடைத்துவிட்டு மறுபடி கழுவினேன். டாக்டர் சொன்னது சரிதானா, நாளைத் தப்பாக எண்ணிவிட்டாரா என்று வாசற்படியிலேயே நின்றேன்.

“என்னம்மா யோசன? வா.”

போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

“ஏன் கீழ ஒக்காருற? நாக்காலி இருக்கே.”

“இருக்கட்டும்டி. இப்படியே குடு.”

இரண்டு கையையும் நீட்டினேன். கயல் என் விரல்களைப் பார்த்தாள். பத்தும் வீங்கி, விறைத்து, விறகு மாதிரி நேராக நின்றன. ஒன்றுகூட மடங்கவில்லை. பிடிக்க முடியாத கைக்கு, தரையிலிருந்து விழுந்தால் ஒரு சாண்தான் என்று கணக்குப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் தையல் வலிக்க, நாற்காலியைப் பிடித்து மெல்ல இறங்கி, எனக்கெதிரே தரையில் உட்கார்ந்தாள். குழந்தையை என் முன்கைகளின் மேல் படுக்க வைத்தாள். பிறகு தன் இரண்டு கையையும் என் கைகளுக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.